ஒரு வார்த்தைக்கு நாற்பது வரி

உலகத்தில் சாவை வென்றவர்கள் இரண்டே வகை. போர்க்களத்தில் எதிரியை வீழ்த்திய மன்னர்கள்; மேடையில் எதிரியைத் திட்டி வீழ்த்திய நடிகர்கள். மன்னர்களைக்கூடக் காலம் மறந்துவிடும், நல்ல வசவை மறக்காது. ஜாஸ்பர் ட்ரெங்குரோவ் இந்தத் தத்துவத்தை உரைத்துக்கொண்டிருந்த நேரத்தில், அவருடைய இடுப்புப் பட்டையின் கொக்கியை மாட்டுவதற்காக இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். கொக்கி மாட்டவில்லை. கயிறு கொண்டுவரச் சொன்னார்கள்.

நாட்டை விட்டு விரட்டப்பட்டிருந்த ராஜா திரும்பி வந்து, பூட்டிக் கிடந்த நாடகசாலைகளைத் திறந்துவிட்டுப் பதினாறு வருஷம் ஆகியிருந்தது. விட்டிங் சந்து நாடகசாலையில் அந்த முதல் நாள் மேடையேறியவர்களில் இன்னும் பல்லோடும் பெருமையோடும் மிஞ்சியிருப்பவர் ஜாஸ்பர் ஒருவர்தான். பல்லைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்வதற்கில்லை.

லண்டனில் நாடகம் பார்க்க வருகிறவன் கதைக்காக வருவதில்லை. எவள் எவனைக் கட்டிக்கொண்டால் அவனுக்கென்ன? வசவுக்காக வருகிறான். மேடைக்கு நேர் முன்னால் பெஞ்சுகளில் ஊர் மைனர்கள் உட்கார்ந்திருப்பார்கள். சட்டைப்பையில் ஒரு குட்டி நோட்டு, டோப்பாவின் சுருளுக்குள் செருகிய ஒரு பென்சில். மேடையிலிருந்து வாகாக ஒரு வசவு விழுந்தால் சட்டென்று நோட்டைத் திறந்து குறித்துக்கொள்வார்கள். மறுநாள் காலை காபிக் கடையில் அது அவர்களுடைய சொந்தச் சரக்காக வெளிவரும். மாமனாருக்கு இது, தையல்காரனுக்கு இது என்று முன்கூட்டியே பிரித்து வைத்துக்கொள்கிற சிக்கனக்காரர்களும் உண்டு.

"கைதட்டல் கழுதைக்கும் விழும். நடிகனோட மதிப்பு நோட்டுல இருக்கு" என்பார் ஜாஸ்பர். இது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரியாத ஒன்றும் இருந்தது. போன பருவம் முழுவதும் அவர் வசனம் பேசிக்கொண்டே பெஞ்சுகளை நோட்டம் விட்டார். அவர் பேசும்போது ஒரு நோட்டும் திறக்கவில்லை. ஒரே ஒரு நாள், இரண்டாவது பெஞ்சில் ஒன்று திறந்தது. ஜாஸ்பர் அரை அடி உயர்ந்தார். அந்த மைனர் அதிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஏதோ எழுதி மடித்து, மேல்மாடத்தில் இருந்த ஒருத்திக்கு ஆரஞ்சு விற்கிற பெண்ணிடம் கொடுத்தனுப்பினான்.

இந்தப் புது நாடகத்தில் நோட்டுகளைத் திறக்க வைக்காவிட்டால் தான் இருந்தும் இல்லாத கணக்குத்தான் என்று ஜாஸ்பருக்குத் தெரிந்திருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பதிலாகச் சாவை வென்றவர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

கயிறு கட்டி முடிந்ததும் வேடங்களைப் பங்கிடுகிற வேலை ஆரம்பித்தது.

விட்டிங் சந்தில் முழு நாடகத்தையும் யார் கையிலும் கொடுப்பதில்லை. முழுப் பிரதி ஒன்றே ஒன்று. அது ஒபதையா பிம்மிடம் இருக்கும். பக்கத் திரைக்குப் பின்னால் நின்று, மறந்தவர்களுக்கு வசனம் எடுத்துக்கொடுக்கிறவர் பிம். ஒவ்வொரு நடிகருக்கும் அவரவர் வசனத்தை மட்டும் நீளத்தாளில் எழுதிச் சுருட்டிக் கொடுப்பார். ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே எதிராளி பேசுவதன் கடைசி வார்த்தை மட்டும் இருக்கும். அது காதில் விழுந்ததும் நாம் ஆரம்பிக்க வேண்டும். மற்ற நாடகசாலைகளில் இரண்டு மூன்று வார்த்தை எழுதுவார்கள். பிம்முக்குக் காகிதம் என்றால் உயிர், ஒன்றோடு நிறுத்திவிடுவார். அதற்கு முன்னால் எதிராளி என்ன பேசினார் என்று தெரிய வேண்டுமானால், திங்கட்கிழமை எழுத்தாளர் வந்து நாடகத்தை எல்லோருக்கும் வாசித்துக் காட்டும்போது விழித்திருக்க வேண்டும். ஜாஸ்பர் அந்தத் திங்கட்கிழமை முதல் பக்கத்திலேயே கண்ணை மூடி, "ஆகா" என்று ஒருமுறை சொல்லிவிட்டு, கடைசிவரை மூடிய கண்ணோடு ரசித்துக்கொண்டிருந்தார். குறட்டையை யாரும் குறிப்பிடவில்லை.

இன்னொரு சட்டமும் அங்கே உண்டு. ஒரு வேடத்தை முதலில் கட்டினவருக்கே அது சாகும்வரை சொந்தம். ஐம்பத்தாறு வயது ஜாஸ்பர் இன்றைக்கும் இருபது வயதுக் காதலனாக ஜன்னல் ஏறிக் குதிப்பது இந்தச் சட்டத்தின் புண்ணியத்தில்தான். ஜன்னலைத்தான் இரண்டு முறை கீழே இறக்கிவிட்டார்கள்.

பிம் சுருள்களை மேஜைமேல் பரப்பினார். மூத்தவருக்கே முதல் தேர்வு. ஜாஸ்பர் ஒவ்வொன்றையும் மீன் வாங்குகிறவர் மாதிரி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார். எல்லாவற்றிலும் கனமானதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மூலையில் உட்கார்ந்திருந்த எழுத்தாளர் டோபியஸ் வென் எழுந்து தொண்டையைச் செருமினார். ஒல்லியான, கூச்ச சுபாவக்காரர். "ஐயா, அந்த வேடம் வந்து… உங்க தகுதிக்கு…"

"எழுதினவர் எழுதியாச்சு. இனிமே வாயைத் தொறக்கறது எங்க வேலை" என்றார் ஜாஸ்பர். வென் உட்கார்ந்துவிட்டார்.

"ட்ரெங்குரோவ் ஐயா, சுருள்ல மேல ஓரத்துல ஒரு வரி இருக்கு, அதை மட்டும் ஒரு பார்வை பாத்துட்டு…" என்றார் பிம்.

"வேஷத்தோட பேரு எழுதியிருப்பே. பேரு எதுக்குப்பா? நான் மேடை ஏறினா ஊரு என்னைப் பாக்குமா, பேரைப் பாக்குமா?" மேல் ஓரத்தைப் பார்க்காமலேயே நீளமாகக் கிழித்து, திரித்து, மெழுகுவர்த்தியில் காட்டி, புகைக்குழாயைப் பற்றவைத்துக்கொண்டார். ஒவ்வொரு புது நாடகத்துக்கும் இப்படிச் செய்வது அவருக்கு ராசி.

மிச்சமிருந்ததில் மிக மெல்லிய சுருள் டமாரிஸ் ஹாலினுக்கு வந்தது. சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. டமாரிஸ் இறைச்சிக் கடைக்காரர் மகள்; அப்பாவின் கத்திகளையெல்லாம் விற்றுவிட்டு நாக்கை மட்டும் வைத்துக்கொண்டவள் என்று சொல்வார்கள்.

"இது என்னம்மா, சுருளா, பல்லுக்குச்சியா?" என்றார் ஜாஸ்பர்.

"பல்லுக்குச்சிதான் பெரியவரே. பல் இருக்கிறவங்களுக்கு உபயோகப்படும்."

ஒப்பனை அறை சிரித்தது. ஜாஸ்பரும் பெருந்தன்மையாகச் சிரித்தார். கனமான சுருளைக் கக்கத்தில் வைத்திருக்கிறவனுக்குப் பெருந்தன்மை தானாக வரும்.

அன்று மாலையே அதை விரித்துப் படித்தார். படிக்கப் படிக்க நெஞ்சு விம்மியது. அவர் சர் லாம்பர்ட். பணக்கார விதவை லேடி கார்வியைப் பெண் கேட்டு, மறுக்கப்பட்டு, அவளை நார்நாராகக் கிழிக்கிற பிரபு. டமாரிஸ்தான் அந்த விதவை. ஐந்து அங்கங்களில் பதினொரு இடத்தில் அவளைத் திட்டுகிறார். ஒவ்வொன்றும் பத்து வரி, பதினைந்து வரி. கடைசி வசவு நாற்பது வரி. உவமைகள் கப்பல் கப்பலாக வந்து இறங்குகின்றன. அவளுக்கோ பேச்சே இல்லை போலிருந்தது. ஒவ்வொரு வசனத்துக்கும் மேலே பிம் எழுதியிருந்த அவளுடைய கடைசி வார்த்தை, 'ஐயா'. அடுத்ததும் 'ஐயா'. அதற்கடுத்ததும் 'ஐயா'.

பாவம், நொறுங்கிப் போய்விட்டாள் என்று நினைத்துக்கொண்டார். நாற்பது வரி வசவு ஒரு கேள்வியோடு முடிந்தது. அதோடு சுருளும் முடிந்தது. பதில் இல்லாத கேள்வி. ஊமையாகி நிற்கும் பெண். திரை. வென் கூச்சப்பட்டாலும் தொழில் தெரிந்தவன்தான்.

புதன்கிழமை, ஆட்டிறைச்சியை மாவுக்குள் வைத்துச் சுட்டு விற்கிற கடை வாசலில் டமாரிஸ் அவரை மடக்கினாள்.

"பெரியவரே, ரெண்டு பேரும் ஒரு தடவை சேந்து சொல்லிப் பாத்துக்கலாமா? உங்க நல்லதுக்குத்தான் கேக்கறேன்."

"அம்மணி, வசவு சுடச்சுட இறங்கணும். முன்னாடியே மூடியைத் தொறந்து காட்டினா ஆவி போயிடும்."

"ஆவி போறதைப் பத்தித்தான் நானும் கவலைப்படறேன்."

"பயப்படாதே. உன்னை நான் நாசூக்காத்தான் கொல்லுவேன்."

 அவருடைய தாடையில் ஒட்டியிருந்த மாவுத் துணுக்கைக் கைக்குட்டையால் தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

வியாழக்கிழமை ஒத்திகை. ஜாஸ்பர் அன்று தையல்காரரைப் பார்க்கப் போனார். அது மூத்தவரின் சலுகை. அவருடைய வசனங்களைப் பிம் படித்து ஒப்பேற்றினார். அங்கிருந்து ஜாஸ்பர் காபிக் கடைக்குப் போய், கணப்புக்குப் பக்கத்தில் நின்று, மைனர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி அறிவித்தார். "தம்பிகளா, நாளைக்கு மத்தியானம் பென்சிலைச் சீவிக்கிட்டு வாங்க. ஒரு நோட்டு பத்தாது. ரெண்டா எடுத்துக்கிட்டு வாங்க. இந்த வருஷம் முழுக்க நீங்க பேசப்போறது என் வாயிலேர்ந்து வந்ததாத்தான் இருக்கும்."

மறுநாள் மூன்று மணிக்குப் பெஞ்சுகள் நிரம்பி வழிந்தன. ஜாஸ்பர் நடுமேடைக்கு வந்து, தொப்பியின் இறகைச் சரிசெய்து, பெஞ்சுகளை ஒரு பார்வை பார்த்தார். நிறைய பேர் இரண்டு நோட்டு கொண்டுவந்திருந்தார்கள். அவருக்கு லேசாகக் கண் கலங்கியது.

முதல் வசவை எடுத்தார். "பெண்ணே, உன் நாக்கு ஒரு தேவாலய மணி. ஞாயிற்றுக்கிழமை ஊரை எழுப்பியது போதாதென்று திங்களும் அடிக்கிறது, செவ்வாயும் அடிக்கிறது. காகங்கள் கோபுரத்தை விட்டு ஓடிவிட்டன. செத்தவர்கள் கல்லறையில் புரண்டு படுக்கிறார்கள்…" பன்னிரண்டு வரி. குரல் மேல்மாடத்தின் கடைசிப் பலகைவரை போய்த் திரும்பியது. பென்சில்கள் காத்திருந்தன. ஒன்றும் அசையவில்லை.

டமாரிஸ் விசிறியை மடக்கினாள். "மணி அடித்ததும் முதலில் வந்து நிற்பது பிச்சைக்காரர்தான், ஐயா."

சிரிப்பு வெடித்தது. முன்வரிசையில் ஆறு நோட்டுகள் ஒரே நேரத்தில் திறந்தன.

ஜாஸ்பர் வாயைத் திறந்தபடி நின்றார். 'ஐயா' வந்துவிட்டது, அவர்தான் பேச வேண்டும். ஏதோ ஒன்று தப்பாகப் போய்விட்டது, அடுத்ததில் சரியாகிவிடும் என்று நம்பிக்கொண்டு இரண்டாவதைத் தொடங்கினார். "என் முன்னோர் பன்னிரண்டு பேர் போர்க்களத்தில் விழுந்தவர்கள். அவர்களுடைய எலும்பின்மேல் நிற்கிறது என் குலம். உன் குலம் நேற்றைய மழையில் முளைத்த காளான்…"

"பன்னிரண்டு பேரும் வெட்டுப்பட்டு விழுந்தார்களா, ஓடும்போது தடுக்கியா, ஐயா?"

பதினைந்து நோட்டுகள். மூன்றாவது பெஞ்சில் ஒருவன் பென்சில் முறிந்து, பக்கத்திலிருந்தவனிடம் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

"உன்னைப் போல நூறு பெண்களைப் பார்த்தவன் நான்…" இதற்குப் பதினோரு வரி.

"அவர்களில் ஒருத்தியாவது உங்களைப் பார்த்தாளா, ஐயா?"

அதற்குமேல் ஜாஸ்பர் எண்ணவில்லை. தான் முப்பது படி ஏறி ஒரு பானையை உச்சியில் வைப்பதும், அவள் கீழே நின்றபடியே ஒரு கூழாங்கல்லால் அதை உடைப்பதுமாக நான்கு அங்கங்கள் போயின. இடைவேளையில் பக்கத் திரைக்குப் பின்னால் பாய்ந்தார்.

"பிம். புத்தகத்தைக் குடு."

"புத்தகம் யாருக்கும் குடுக்கறதில்லையே ஐயா. நீங்க போட்ட சட்டம்தானே."

"அப்போ வேஷத்தை மாத்து. நாளையிலேர்ந்து நான் இதைக் கட்ட மாட்டேன்."

"முதல்ல கட்டினவருக்குச் சாகும்வரை சொந்தம். அதுவும் உங்க…"

"தெரியும்யா." ஜாஸ்பர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பவுடரோடு சேர்ந்து பாதிப் புருவமும் வந்துவிட்டது. "அந்தக் கடைசிக் கேள்விக்கு அவகிட்ட பதில் இருக்கா?"

பிம் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "நீங்க போய்க் கேட்டாத் தெரிஞ்சிடும்."

ஜாஸ்பர் முடிவு செய்துவிட்டார். கேட்கமாட்டார். கேள்வி இல்லாவிட்டால் பதில் எங்கிருந்து வரும்? முப்பத்தொன்பது வரியைச் சொல்லிவிட்டு, கடைசி வரியை விழுங்கிவிட்டு, அங்கியை வீசிக்கொண்டு வெளியேறினால் ஜெயித்தது அவர்தான்.

கடைசிக் காட்சி. பெஞ்சுகளில் இரண்டாவது நோட்டுகள் வெளியே வந்திருந்தன. அவர் ஆரம்பித்தார். தான் சூரியன் என்றார். தான் நுழையும் அறையில் மெழுகுவர்த்திகள் வெட்கப்படும் என்றார். ராஜாங்க விருந்துகளில் தனக்காகக் காத்திருந்து கஞ்சி ஆறியதைச் சொன்னார். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.

நிறுத்தினார்.

மேடையில் பூனை நடந்தால் கேட்கும். அவருக்கு இப்போது வெளியேற வேண்டும். ஆனால் பதினாறு வருஷத்தில் வசனத்தை முடிக்காமல் வெளியேறிப் பழக்கமில்லாத கால்கள் அசையவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து பிம் கடமை தவறாமல் எடுத்துக்கொடுத்தார்: "நான் போனபின் இந்த அறையில்…" அது பெஞ்சுகளுக்கும் கேட்டது. ஒருவன் கனைத்தான்.

டமாரிஸ் பெஞ்சுகளுக்கு முதுகு காட்டித் திரும்பி, விசிறியை உயர்த்தி, அதன் மறைவில் கிசுகிசுத்தாள். "கேளுங்க பெரியவரே."

"மாட்டேன்" என்றார் உதடு அசையாமல்.

"நீங்க கேட்டாத்தான் நான் சொல்ல முடியும். என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு வார்த்தை."

"ஒண்ணா?"

"ஒண்ணே ஒண்ணு."

ஜாஸ்பருக்கு அது சுருக்கென்று தைத்தது. நாற்பது வரியை ஒரு வார்த்தை வீழ்த்துவதா? பிறகு, மேடையில் நிற்கிற ஒருவனுக்கு மட்டும் வரக்கூடிய ஒரு எண்ணம் மெல்ல வந்தது. ஒரு வார்த்தையில் சாய வேண்டுமென்றால், சாய்கிற மரம் எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்? இதை வேறு எவனாவது கட்டியிருந்தால் முதல் அங்கத்திலேயே புதராகிப் போயிருப்பான். அதோடு, அந்த ஒரு வார்த்தை என்ன என்று தெரியாமல் அன்றிரவு அவருக்குத் தூக்கம் வராது.

அவர் நிமிர்ந்தார். இடுப்புக் கயிறு முனகியது. தொப்பியைக் கழற்றி, மூன்று சுற்றுச் சுற்றி மார்பில் வைத்து, ராஜாவே எதிரில் உட்கார்ந்திருப்பது போல, அதுவரை அந்த நாடகசாலை கேட்டிராத கம்பீரத்தோடு கேட்டார்.

"நான் போனபின் இந்த அறையில் என்ன மிஞ்சும் தெரியுமா, பெண்ணே?"

டமாரிஸ் அவரைத் தலை முதல் கால் வரை, ஒரு பக்க இடுப்பிலிருந்து மறுபக்க இடுப்பு வரை, நிதானமாக அளந்தாள்.

"இடம்."

கூரை ஆடியது. தொப்பிகள் பறந்தன. ஆரஞ்சு விற்கிறவள் கூடையைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். உருண்ட ஆரஞ்சுகளை மிதித்து இரண்டு மைனர்கள் விழுந்தார்கள். எழுந்ததும் எழுதினார்கள். ஜாஸ்பர் அசையவில்லை. அடிபட்ட சிலை போல, தொப்பி மார்பில் இருக்க, புருவம் ஒன்றரையாக, அப்படியே நின்றார். அதைப் பார்த்து இன்னொரு அலை எழுந்தது. அது அடங்கும் நேரத்தில் அவர் இடது புருவத்தை மட்டும், இருந்த அளவுக்கு, உயர்த்தினார். மூன்றாவது அலை. அந்த மூன்றாவது அலை அவளுடையது அல்ல என்பதை அவருடைய காது தவறவிடவில்லை.

ஒப்பனை அறைக்குத் திரும்பும்போது அவர் இரண்டு அங்குலம் வளர்ந்திருந்தார்.

"பாத்தியா அம்மணி" என்றார். "திட்டறதுக்கு நாக்கு போதும். அது தெருவுல போற எவன்கிட்டயும் இருக்கு. திட்டு வாங்கறதுக்கு ஆகிருதி வேணும். உன் ஒரு வார்த்தை நிக்கறதுக்கு மேடை போட்டது யாரு?"

"நீங்கதான்" என்றாள் டமாரிஸ். அவள் குரலில் கேலி இல்லை. "வேற யார்கிட்டயும் இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தா பாதிச் சிரிப்புத்தான். நெசமாத்தான் சொல்றேன். நீங்க நின்னீங்க பாருங்க, அது யாருக்கும் வராது."

"வராதுதான்" என்று ஒப்புக்கொண்டார் ஜாஸ்பர்.

வென் மூலையிலிருந்து எழுந்து வந்தார். கண்கள் நனைந்திருந்தன. "நீங்க இந்த வேஷத்தை எடுத்தப்போ நான் தடுக்கப் பாத்தேன். மன்னிக்கணும். உங்களுக்கு இது பிடிக்காதுன்னு நெனச்சிட்டேன்."

ஜாஸ்பர் புகைக்குழாயைக் கையில் எடுத்து, அதைத் தட்டிச் சுத்தம் செய்தார். அறை முழுவதும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "தம்பி, முப்பது சுருள் வந்தாலும் எது யாருடையதுன்னு கையில வாங்கினதுமே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எடுத்தேன். ஒவ்வொரு வரியும் எங்கே போய் விழும்னு தெரிஞ்சுதான் எடுத்தேன்."

அடுத்த நாள் காபிக் கடையில் இதையே நின்றுகொண்டு சொன்னார். அதற்கடுத்த நாள் உட்கார்ந்துகொண்டு சொன்னார். சர் லாம்பர்ட் வேடத்தை அவர் பத்தொன்பது வருஷம் கட்டினார். அந்த ஊரில் அவரைப் போல அவமானப்பட எவனுக்கும் வரவில்லை என்பது உண்மை. வெளியூர் நாடகசாலைகளிலிருந்து நடிகர்கள் வந்து, அவர் ஒரு வார்த்தைக்கு எப்படிச் சாய்கிறார் என்று பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசிவரை, தெரிந்துதான் எடுத்தேன் என்பதில் அவர் மாறவே இல்லை. பிம்மும் மறுத்துப் பேசியதில்லை.

பிம் சுருளின் மேல் ஓரத்தில் எழுதி, ஜாஸ்பர் கிழித்துப் புகைக்குழாய் பற்றவைத்துவிட்ட அந்த வரி: 'சர் லாம்பர்ட், ஒரு மூடன்.'